மக்களைத் திட்டுறதை முதல்ல நிறுத்துங்க, தோழர்களே!

மே 19-க்கு அப்புறம் நம்ம பக்கத்துக்கு வந்திருக்கிற கமெண்ட்டுகளை வரிசையா உட்கார்ந்து படிச்சேன். எதிரணிக்காரங்க போடுற மீம்ஸ் பத்தி எனக்குக் கவலை இல்லை. ஜெயிச்சவன் நாலு நாள் கிண்டல் பண்ணுவான், அது அரசியல்ல சகஜம். வயித்தைக் கலக்குறது நம்ம ஆளுங்க எழுதுறதுதான். ப்ரொஃபைல் படத்துல செங்கொடி. கீழே எழுத்து: "ஐந்நூறு ரூபாய்க்கு வித்துட்டானுங்க", "இந்த ஜனங்களுக்கு இதுதான் சரி, பட்டாத்தான் புத்தி வரும்", "குவார்ட்டருக்கும் பிரியாணிக்கும் ஓட்டுப் போடுற கூட்டத்துக்காக நாம ஏன் போராடணும்?"

இதுல கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லியே ஆகணும்.

முதல்ல தோல்வியை அதோட உண்மையான அளவுல பார்ப்போம். மூடி மறைக்க ஒண்ணுமில்லை. மக்கள் நலக் கூட்டணியும் தேமுதிக, தமாகாவும் சேர்ந்து நின்ன அணிக்கு ஒரு இடம்கூட வரலை. 2011 சட்டமன்றத்துல ரெண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளுக்கும் சேர்த்து 19 பேர் இருந்தாங்க. 2016-ல பூஜ்யம். அதுக்கு முன்னாடி, 1952-ல இருந்து, இந்த மாநில சட்டமன்றத்துல ஒரு கம்யூனிஸ்ட் உறுப்பினராவது இல்லாம இருந்ததே இல்லை. 2016-ல முதல் தடவையா அந்த வரிசை காலியாச்சு. நோட்டாவுக்கு விழுந்தது 1.3 சதவீதம். நம்ம ரெண்டு கட்சியும் தனித்தனியா ஒரு சதவீதத்தைத் தொடலை. (தலா 25 தொகுதியில நின்னவங்களை, எல்லாத் தொகுதியிலயும் நின்ன நோட்டாவோட ஒப்பிடுறது கணக்குப்படி தப்பு. ஆனா மீம் போடுறவனுக்குக் கணக்கு எதுக்கு?)

இப்போ பணம். பணம் விளையாடலைன்னு யாரும் சொல்ல வரலை. தமிழ்நாட்டுல தேர்தல் ஆணையம் பறிமுதல் பண்ணின ரொக்கமே 100 கோடியைத் தாண்டுச்சு. அரவக்குறிச்சியிலயும் தஞ்சாவூர்லயும் பணம் கொடுத்தது அம்பலமாகி, தேர்தலைத் தள்ளி வெச்சு, மறுபடி தள்ளி வெச்சு, கடைசியா அறிவிக்கையையே ரத்து பண்ணிட்டாங்க. திருப்பூர் பக்கத்துல மூணு கன்டெய்னர்ல 570 கோடி பிடிபட்டதும், அது ஸ்டேட் பேங்க் பணம்னு சொல்லப்பட்டதும் எல்லாருக்கும் தெரியும். பணம் கொடுத்தவனைக் கேளுங்க, வழக்குப் போடுங்க, தெருவுல நின்னு கத்துங்க. அதெல்லாம் நம்ம வேலைதான்.

ஆனா கமெண்ட்ல கோபம் கொடுத்தவன் மேல இல்லையே. வாங்கின அம்மா மேலதானே இருக்கு?

அந்த அம்மா யாரு? நூறு நாள் வேலையில மண் வெட்டுறவங்க. கட்டடத்துல சித்தாள். பீடி சுத்துறவங்க, தீப்பெட்டி ஒட்டுறவங்க, பனியன் கம்பெனியில பிசிறு வெட்டுறவங்க. அஞ்சு வருஷத்துல அவங்க வீட்டு வாசல்ல ஒரு கட்சிக்காரன் நின்னு, அவங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கையில ஏதோ கொடுத்தது அந்த ஒரு ராத்திரிதான். அந்த ராத்திரிக்கு முன்னாடி இருக்கிற 1,800 நாள்ல அந்த வாசலுக்கு வேற யாராவது வந்தாங்களான்னு கேட்டுப் பாருங்க. யாருமே வராத வாசல்லதான் பணத்துக்கு மதிப்பு ஏறுது.

ஏழைக்குச் சொந்தப் புத்தி கிடையாதுங்கிறது நம்ம வாய்ல வரக்கூடாத பேச்சு. அது பண்ணையார் பேச்சு. கீழத்தஞ்சையில பண்ணையாட்களைப் பத்தி அப்படி நினைச்சவங்கதான் சவுக்கால அடிச்சு, சாணிப்பால் குடிக்க வெச்சாங்க. 1940-களில் அங்க போன பி. சீனிவாசராவுக்குத் தமிழ் தாய்மொழிகூட இல்லை. அவர் சேரிக்குப் போய்ச் சேரியிலயே சாப்பிட்டு, அங்கேயே படுத்து, அந்த மக்களோட சங்கம் கட்டினார். சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிஞ்சது அதுக்கப்புறம். 1952 தேர்தல்ல பழைய சென்னை மாகாணத்துல 62 கம்யூனிஸ்ட்டுகள் ஜெயிச்சு வந்தாங்கன்னா, அதுக்கு அடியில இருந்தது இந்த மாதிரி சங்கங்கள்தான். அடுத்த தேர்தல், 1957-ல, மொழிவழி மாநிலம் பிரிஞ்ச பிறகு இங்க வந்தது வெறும் 4. அன்னைக்கு இருந்த தோழர்கள் ஜனங்களைத் திட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தா இன்னைக்கு நமக்குக் கொடி பிடிக்க ஆள் இருந்திருக்காது.

இன்னொரு கூட்டம் வேற மாதிரி ஆரம்பிக்குது. "கேப்டனைச் சேர்த்தது தப்பு", "சேர்த்தது சரி, முதல்வர் வேட்பாளரா அறிவிச்சதுதான் தப்பு", "மாற்றுன்னு சொல்லிட்டு ஏன் தமாகா?" இதுல பேச வேண்டியது நிறைய இருக்கு, கமிட்டியில பேசுவாங்க, பேசட்டும். ஆனா இந்த விவாதம் முழுக்க ஒரு நினைப்பு மேல நிக்குது: யார் கூடச் சேரணும்னு சரியா முடிவெடுத்தா ஓட்டு தானா வந்துடும்னு. 2011-ல 19 இடம் வந்தப்போ நாம யார் கூட்டணியில இருந்தோம்? அதிமுக கூட்டணியில. அப்போ அந்த 19-ல நம்ம சொந்தக் கால் எத்தனை, இரவல் கால் எத்தனைன்னு எவன் கேட்டான்? வாடகை வண்டியில போனவன் வண்டியை விட்டு இறங்கினதும் ரோடு சரியில்லைன்னு சொல்ற கதைதான் இது.

திமுக நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. "நீங்க ஓட்டைப் பிரிச்சதாலதான் அம்மா வந்தாங்க, நீங்க பி டீம்"னு எழுதித் தள்ளுறீங்க. வாக்காளர் யாரோட பட்டா நிலமும் இல்லை, நாங்க வந்து வரப்பை வெட்டிட்டோம்னு புகார் சொல்றதுக்கு. ஊழலுக்கும் மதுக்கடைக்கும் எதிரா ஒரு மாற்று வேணும்னு சொன்னது குத்தமில்லை. அந்த மாற்றைத் தெரு வரைக்கும் கொண்டு போகலைங்கிறதுதான் பிரச்சினை. அதை எங்களுக்குள்ள நாங்க பேசிக்கிறோம்.

இப்போ தெருவுக்கு வருவோம்.

காட்டுமன்னார்கோயில். தோழர் திருமாவளவன் 48,363 ஓட்டு. அதிமுக வேட்பாளர் 48,450. வித்தியாசம் 87. இந்த எண்ணை எல்லாரும் சோகமா ஷேர் பண்றீங்க, அழுற எமோஜி போடுறீங்க. நான் படிச்சது இன்ஜினியரிங், எனக்கு எண்ணைப் பார்த்தா வகுத்துப் பார்க்கத்தான் தோணுது. 2016-ல தமிழ்நாட்டுல வாக்குச்சாவடி 65 ஆயிரத்துக்கும் மேல. 234-ஆல வகுத்தா ஒரு தொகுதிக்குச் சராசரியா 280 பக்கம் வரும். அந்தச் சராசரியில பார்த்தா, 87-ங்கிறது மூணு பூத்துக்கு ஒரு ஓட்டு. மூணு பூத்துக்கு ஒரே ஒரு ஆள்! ராதாபுரத்துல திமுக வேட்பாளர் அப்பாவு தோத்தது 49 ஓட்டுல. 2008-ல ராஜஸ்தான்ல, முதல்வராவார்னு பேசப்பட்ட சி.பி. ஜோஷி நாத்துவாரா தொகுதியில தோத்தது ஒரே ஒரு ஓட்டுல.

மூணு பூத்துக்கு ஒரு ஓட்டை எந்த ஹேஷ்டேக்கும் கொண்டு வராது. பட்டியல்ல பேர் விட்டுப்போன ஒரு தம்பியைக் கூட்டிட்டுப் போய் படிவம் 6 எழுதிக் கொடுத்தா வரும். நடக்க முடியாத ஒரு பாட்டியைக் காலையிலயே போய்ப் பார்த்து, துணைக்கு ஆள் ஏற்பாடு பண்ணியிருந்தா வரும். திருப்பூருக்கு வேலைக்குப் போன ஒரு குடும்பத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி போன் பண்ணியிருந்தா வரும். இதையெல்லாம் பண்றதுக்கு அந்தத் தெருவுல ஒரு ஆள் வேணும். வெளியூர்ல இருந்து வேன்ல கொண்டு வந்து இறக்க முடியாது. 2016-ல பூத் ஏஜெண்ட்டா உட்காரணும்னாகூட அந்தப் பூத் வாக்காளரா இருக்கணும், இல்லைன்னா பக்கத்துப் பூத்ல இருக்கணும்னு விதி இருந்துச்சு. விதியே உள்ளூர் ஆளைத்தான் கேட்டுச்சு.

பெரிய கட்சிகளோட பலம் என்னன்னு நம்ம ஆளுங்ககிட்ட கேட்டா உடனே "பணம், டிவி சேனல்"னு சொல்றாங்க. பாதிதான் உண்மை. அவங்க கிளைச் செயலாளரை ஒரு வாரம் கவனிச்சுப் பாருங்க. ஊர்ல ஒரு சாவு விழுந்தா முதல்ல சாமியானாவும் நாற்காலியும் கொண்டு வந்து போடுறது அவர்தான். காதுகுத்துக்கு மொய் எழுதுவார். வாரிசு சான்றிதழுக்கு வி.ஏ.ஓ. ஆபீஸ் வரைக்கும் கூட வருவார். ராத்திரி பத்து மணிக்குப் பிரசவ வலின்னா ஆட்டோ பிடிச்சுக் கொடுப்பார். இதுக்கெல்லாம் பதிலா என்ன எடுத்துக்கிறார்ங்கிறது வேற கதை, மணல் லாரியில இருந்து ரேஷன் கடை வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த மனுஷன் அங்க இருக்கார். மக்கள் ஓட்டுப் போடும்போது மெரினாவுல இருக்கிற சமாதியை மட்டும் நினைச்சுப் போடலை, அந்தச் சாமியானாவையும் நினைச்சுத்தான் போட்டாங்க.

நாம அதே சாமியானாவைப் போடணுமா? போடணும். ஆனா நம்ம வித்தியாசம் அதுக்கு அடுத்த கட்டத்துல இருக்கு. அவர் செய்றதைத் தயவா செய்றார், "அண்ணன் வாங்கிக் கொடுத்தார்"னு பேர் வரணும் அவருக்கு. நம்ம ஆள் செய்யும்போது அது உரிமைன்னு அந்தக் குடும்பத்துக்குத் தெரிய வரணும். உதாரணத்துக்கு நூறு நாள் வேலை. 2016 ஏப்ரல்ல இருந்து தமிழ்நாட்டுல ஒரு நாள் கூலி 203 ரூபாய்னு அறிவிச்சாங்க. உங்க ஊர்ல அக்காக்கள் கையில எவ்வளவு வருது? கேட்டீங்களா? வேலை கேட்டு 15 நாளைக்குள்ள கொடுக்கலைன்னா வேலையில்லாப் படி கொடுக்கணும், கூலி 15 நாளைத் தாண்டினா இழப்பீடு கொடுக்கணும். இதெல்லாம் சட்டத்துல இருக்கு. வேலை கேட்டு மனுக் கொடுத்தா தேதியோட ரசீது வாங்கணும்ங்கிறது எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த ரசீதை முதல் தடவை வாங்கிக் கொடுக்கிறவன் யாரோ, அவனைத்தான் அந்தத் தெரு அடுத்த தடவையும் கூப்பிடும்.

சென்னை தோழர்களுக்கும் இது பொருந்தும். டிசம்பர் வெள்ளத்துல நம்ம பசங்க இடுப்பளவு தண்ணியில சாப்பாடு கொண்டு போனாங்க, சாக்கடை அள்ளினாங்க, போட்டோ எல்லாம் நம்ம பக்கத்துலயே இருக்கு. லைக் ஆயிரக்கணக்குல. கூவம், அடையாறு கரையில இருந்த குடும்பங்களைத் தூக்கிக் கொண்டு போய்ப் பெரும்பாக்கத்துல போட்டாங்களே, அவங்களுக்கு ரேஷன் கார்டு மாத்தணும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்க்கணும், வாக்காளர் அட்டையில விலாசம் மாத்தணும், முன்னாடி நடந்தே போன வீட்டு வேலைக்கு இப்போ ரெண்டு பஸ் மாறிப் போகணும். இந்த வேலைக்கு லைக் வராது, போட்டோவும் அழகா இருக்காது. கட்சி வளர வேண்டிய இடம் அந்த எட்டு மாடிக் கட்டடங்களோட படிக்கட்டுதான்.

அதே மே 19-ல கேரளாவுல இடது முன்னணி 140-க்கு 91 ஜெயிச்சது. நம்ம பக்கத்துலயும் பட்டாசு போஸ்ட் போட்டோம், சந்தோஷம். ஆனா அங்க 2011-ல 68-க்கு 72-ன்னு தோத்த பிறகு அஞ்சு வருஷம் என்ன பண்ணினாங்கன்னு கொஞ்சம் பார்க்கணும். ஆலப்புழாவுல குப்பைப் பிரச்சினை நாறிப் போச்சு. நகரத்துக் குப்பையைக் கொண்டு போய்க் கொட்டின ஊர்க்காரங்க லாரியைத் தடுத்தாங்க. அப்போ தாமஸ் ஐசக் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. 'அரசாங்கம் ராஜினாமா செய்'னு ஒரு கண்டனப் போஸ்டர் அடிச்சுட்டுப் போயிருக்கலாம். அவங்க 2012-ல வீடு வீடா இறங்கி, குப்பையை வீட்டுலயே பிரிக்கச் சொல்லிக் கொடுத்து, பைப் கம்போஸ்ட்டும் சாண எரிவாயு மாதிரி வீட்டு பயோகேஸும் வைக்க வெச்சாங்க. எதிர்க்கட்சியா இருந்துக்கிட்டே நகரத்தோட குப்பையை மாத்தினாங்க. கட்சிக்காரங்க இயற்கைக் காய்கறி போட்டு வித்தாங்க. குப்பையும் கத்தரிக்காயும் புரட்சியான்னு இங்க சில பேர் சிரிப்பாங்க. சிரிக்கட்டும், அவங்களுக்கு 91.

பொறுமைக்கு நம்ம ஊர்லயே சாட்சி இருக்கு. வாச்சாத்தி. 1992 ஜூன் 20-ல சந்தன மரம் தேடுறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை சேர்ந்து அந்த மலைவாழ் மக்கள் கிராமத்துல பண்ணின அட்டூழியம் தெரியும். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானாங்க. நடக்கவே இல்லைன்னு அதிகாரம் சாதிச்சது. மலைவாழ் மக்கள் சங்கமும் செங்கொடித் தோழர்களும் விடலை. 2011 செப்டம்பர் 29-ல தர்மபுரி கோர்ட் தீர்ப்பு. குத்தம் சாட்டப்பட்ட 269 பேர்ல 54 பேர் அதுக்குள்ள செத்துட்டாங்க, மிச்சம் 215 பேரும் குற்றவாளி. ஒருத்தர்கூடத் தப்பலை. 19 வருஷம்! அதுக்கு இடையில எத்தனை தேர்தல் வந்துச்சு, எத்தனை கூட்டணி மாறுச்சு? சாட்சி சொன்ன அந்தப் பெண்கள் பயந்து பின்வாங்காம நின்னதுக்குக் காரணம், கூட நின்ன தோழர்கள் தேர்தல் ரிசல்ட்டைப் பார்த்துட்டுக் கிளம்பிப் போகலைங்கிறதுதான். உத்தப்புரத்துல தீண்டாமைச் சுவரை 2008 மே மாசம் உடைக்க வெச்சதும் அப்படித்தான். "இந்த ஜனங்களுக்காக ஏன் போராடணும்"னு கமெண்ட் போட்ட தோழர், வாச்சாத்திப் பெண்கள்கிட்ட போய் அந்தக் கேள்வியைக் கேட்பாரா?

மார்ச் மாசம் உடுமலையில பட்டப்பகல்ல பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல சங்கரை வெட்டிக் கொன்னாங்க. நம்மளை மாதிரி இன்ஜினியரிங் படிச்ச பையன். 2016 தேர்தலுக்கு அப்புறம் சட்டமன்றத்துல இதைப் பத்தி எழுந்து கேட்க நமக்கு ஆள் இல்லாம போச்சு. ஆணவக்கொலைக்குத் தனிச்சட்டம் கேட்கிற நம்ம குரல் அந்த மண்டபத்துக்குள்ள அப்போ இல்லாம போச்சு. இந்தத் தோல்வியோட விலை அதுதான். மீம்ல நம்ம மானம் போனதெல்லாம் ஒரு விலையா?

2016 அக்டோபர்ல உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிஞ்சது. தேர்தல் வர வேண்டியிருந்துச்சு. அப்போ 12,524 கிராம ஊராட்சி. 2016 பிப்ரவரியில பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு சட்டம் ஆச்சு. ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் கட்சிச் சின்னமே கிடையாது. இலையும் இல்லை, சூரியனும் இல்லை. ஜனங்க முகத்தைப் பார்த்துப் போடுற ஓட்டு அது. சில நூறு பேர் இருக்கிற ஒரு வார்டுல அந்த முகத்தை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும், அவ்வளவுதான். மாதர் சங்கத்துல, நூறு நாள் வேலைத் தளத்துல, அங்கன்வாடியில தைரியமாப் பேசுற ஒரு அக்கா உங்க ஊர்லயும் இருப்பாங்க. அவங்க வீட்டுக்குப் போய் "நீங்க நில்லுங்க அக்கா"ன்னு கேட்கிறதுக்கு எந்தக் கூட்டணிப் பேச்சுவார்த்தையும் முடியணும்னு காத்திருக்க வேண்டாம்.

ஊருக்கு நாலு பேர் பி.இ. முடிச்சுட்டு, பேங்க்ல கல்விக் கடன் நோட்டீஸ் வந்து, வேலைக்கு அலைஞ்சுக்கிட்டு டீக்கடையில உட்கார்ந்திருக்காங்க. நானும் அந்த நாலு பேர்ல ஒருத்தன்தான். நம்மகிட்ட போன் இருக்கு, படிவம் நிரப்பத் தெரியும், எக்செல் தெரியும். முக்கியமா, நேரம் இருக்கு. ஐ.டி. பிரிவுன்னா டிரெண்டிங் மட்டும்தான்னு எவன் சொன்னது?

அதனால இந்த ஜூன்ல செய்ய வேண்டிய வேலை இது. தேர்தல் அதிகாரி இணையதளத்துல படிவம் 20 வந்ததும் உங்க தொகுதிக்கு இறக்குங்க. எந்தப் பூத்ல யாருக்கு எத்தனைன்னு அதுல இருக்கும். ஸ்கேன் பண்ணின காகிதமாத்தான் வரும், தேட முடியாது, உட்கார்ந்து டைப் அடிக்கணும், கண்ணு வலிக்கும். அடிச்சு முடிச்சதும் நமக்கு ஒற்றை இலக்கத்துல ஓட்டு விழுந்த பூத்தைத் தனியா எடுங்க. அந்தப் பூத் எந்தத் தெரு, எந்தக் காலனின்னு வாக்காளர் பட்டியலை வெச்சுப் பாருங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரா அங்க போங்க. கொடி வேண்டாம், நோட்டீஸ் வேண்டாம். தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது, முதியோர் பென்ஷன் யாருக்கு நின்னிருக்கு, நூறு நாள் கூலி எவ்வளவு பாக்கின்னு மட்டும் கேட்டு ஒரு நோட்டுல எழுதுங்க. "தோத்துட்டீங்களே, இப்போ எதுக்கு வந்தீங்க?"ன்னு கேட்பாங்க. கேட்கட்டும், பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம், எழுதிக்கிட்டே இருங்க. அடுத்த ஞாயிறு அதே தெருவுக்கு மறுபடி போங்க.

ஆகஸ்ட் 15 கிராம சபை. அதுக்குப் பத்து வாரம் இருக்கு. அந்த நோட்டுல இருக்கிற கோரிக்கையெல்லாம் அன்னைக்குத் தீர்மானமா மினிட்ல ஏறணும். எழுதின பிறகு வாசிக்கச் சொல்லுங்க, வாசிச்ச பிறகு கையெழுத்துப் போடுங்க, நகல் கேளுங்க. வெறும் நோட்டுல கையெழுத்து வாங்கிட்டுப் போற கதை வேண்டாம்.

ஊர் பேர், ஊராட்சி ஒன்றியம், வார்டு எண், உங்க கூட வரப்போற இன்னொரு தோழர் பேர். இந்த நாலையும் நம்ம பக்கத்து இன்பாக்ஸுக்கு அனுப்புங்க. கமெண்ட்ல போன் நம்பர் போடாதீங்க. படிவம் 20-ஐ டைப் பண்ற எக்செல் மாதிரியைத் திரும்ப அனுப்பி வைக்கிறோம்.

- ஐ.டி. பிரிவுத் தன்னார்வலர்